ரீசெட் துளையில் ஓர் ஊதுபத்தி

திருப்பூர்
8.9.2025

தம்பி ராஜபாண்டிக்கு,

குகன் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் முழுவதும் படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிழிப்பது உங்கள் இஷ்டம். எதை எழுதினாலும் மேலே 'முருகன் துணை' போட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்று போடவில்லை. நான் செய்த காரியத்துக்கு அவரைத் துணைக்கு இழுக்க மனம் வரவில்லை.

போனில் நீங்கள் என்னை பிளாக் செய்து பதினொரு மாதம் ஆகிறது. "வேற நம்பர்ல இருந்து கூப்புட்டா எடுப்பாங்க. ஆனா அதும் ஒரு ஏமாத்துத்தானுங்க" என்று என் மனைவி சித்ராதேவி சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் என் புத்தி எந்த இடத்தில் கெட்டது என்று எனக்கே தெரிகிறது.

எங்கள் வீடும் யூனிட்டும் ஒரே கட்டடம். கீழே தைத்து வந்த துணிக்குச் செக்கிங்கும் பேக்கிங்கும், முதல் மாடியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் கம்ப்யூட்டர் அறை, அதற்கு மேல் குடித்தனம். இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ஹாலில் வைத்துவிட்டுப் போன ஒரே ரவுட்டரில் பிள்ளைகளின் போன், டிவி, ஆர்டர் தரும் பையரின் பேட்டர்ன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. "இது சரிவராது அண்ணாச்சி" என்று சொல்லி, கம்ப்யூட்டர் அறைச் சுவரில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். கீழே செக்கிங் மேசை தெரிய ஒரு கேமராவும் மாட்டினீர்கள். எந்த ஊரில் இருந்தாலும் லேப்டாப்பைத் திறந்து இங்குள்ள கம்ப்யூட்டருக்குள் நான் போய்வர வழியும் செய்தீர்கள். வெள்ளகோவிலில் மச்சினன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒரு காலரைத் திருத்தி அனுப்பினேன். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து, என் யூனிட்டில் செக்கிங் பார்த்த உங்கள் அம்மா முத்துப்பேச்சியை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றச் சொன்னீர்கள். "உக்காந்துட்டுத்தானுங்க பாக்கறாங்க" என்றேன். நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். பூஜை முடிந்து மறுநாள் நாங்கள் குடும்பத்தோடு பழனிக்குப் போனோம். அடிவாரத்தில் இருக்கும்போது பையர் ஆபீஸிலிருந்து போன், பேட்டர்னைத் திருத்தி உடனே அனுப்பச் சொன்னார்கள். லேப்டாப்பைத் திறந்தேன். வழி அடைந்திருந்தது. எத்தனை தடவை போட்டாலும் உள்ளே விடவில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அம்மா விஷயத்தில் இருந்த கோபத்தில் நீங்கள்தான் வெளியிலிருந்து பூட்டிவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை உங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று நான் கத்தியதை இங்கே திருப்பி எழுதக் கூசுகிறது. நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ரவுட்டரைப் பிடுங்கிக் கட்பீஸ் சாக்கில் போட்டுப் பரண்மேல் எறிந்தேன். அதோடு நிற்காமல் ஜாப்வொர்க் எடுக்கும் யூனிட்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டேன்: "அவன ஊட்டுக்குள்ள உட்டுறாதீங்க. வேலைய முடிச்சுப்போட்டு வெளிய போயிப் பூட்டிப்போடுவான்." உங்களை 'அவன்' என்று சொன்னது அந்த ஒரு நாள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, இந்த வருடப் பூஜைக்கு ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறினேன். சாக்கைக் கொட்டினால் ரவுட்டர் விழுந்தது. சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. மேல் விளிம்பில் ஒரு சின்னத் துளை. அதில் பாதி எரிந்த ஊதுபத்திக் குச்சி நின்றுகொண்டிருந்தது. துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரீசெட்' என்று போட்டிருந்தது.

அதைச் செருகியது நான்தான். மேசைக்கொரு வாழைப்பழம் வைத்து, பழத்தில் ஊதுபத்தி செருகிக்கொண்டே மேலே வந்தவன், கம்ப்யூட்டர் அறைக்கு வரும்போது பழம் தீர்ந்து நின்றேன். கையில் ஒரு பத்தி மிச்சம். ரவுட்டரில் அதற்கென்றே அளவெடுத்துப் போட்டதுபோல ஒரு துளை. நன்றாக அழுத்தினேன். 'டிக்' என்றது. கெட்டியாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்து ஒன்றாக எரிந்தது. "பாருங்க, சாமி கும்பிட்டதும் கண்ணச் சிமிட்டுது" என்று சித்ராதேவி சொல்ல, பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் போட்டுக் கொடுத்த அத்தனையும் அந்த நிமிஷத்தில் அழிந்துபோயிருக்கிறது. அது நடக்கும்போது நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

உங்கள் முகவரிக்காக நேற்று அனுப்பர்பாளையம் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். என் யூனிட்டை விட்டு நின்ற பிறகு அங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார்களாம். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதைத் துடைத்து எனக்குப் போட்டார்கள். "நீங்களும் உக்காருங்கம்மா" என்றேன். "எனக்கு நின்னே பழகிப்போச்சு மொதலாளி" என்று சொல்லிவிட்டு, முகவரியைச் சொல்லி என்னை எழுதிக்கொள்ள வைத்தார்கள்.

மன்னிக்க வேண்டும். வேறு வார்த்தை தெரியவில்லை.

குகன்


சங்கரன்கோவில்
15.9.2025

குகன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் என்னைப் பற்றிப் பேசியது இருநூற்றுப் பதினான்கு பேர் கேட்க. மன்னிப்புக் கேட்பது பசை தடவி ஒட்டிய கவருக்குள், என் ஒருவனிடம்.

அந்த வாய்ஸ் வந்த வாரம் நாலு யூனிட்டில் நான் மாட்டிய கேமராவைக் கழற்றச் சொன்னார்கள். குன்னத்தூரில் ஏணியில் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி கையில் போனோடு வந்து, "எறங்குப்பா, போதும்" என்றார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். இப்போது இங்கே தங்கதுரை என்பவர் கடையில் செல்போனுக்கு டிஸ்ப்ளே மாற்றுகிறேன். திருப்பூரை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறேன்.

ஊதுபத்தி கதை நன்றாக இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள்.

ராஜபாண்டி


திருப்பூர்
19.9.2025

தம்பி ராஜபாண்டிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. படித்ததும் போனை எடுத்துக் குரூப்பைத் திறந்தேன். ஆறு தடவை பேசினேன். ஆறு தடவையும் அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிட்டேன். உங்களைத் திட்டியபோது ஒரே மூச்சில் வந்தது. இப்போது 'ஊதுபத்தி' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் அழிக்கப் போய்விடுகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பார்கள் என்று பயம். அந்தக் குரூப்பில் நான் பெரிய கம்ப்யூட்டர் புலி. எல்லோருக்கும் யோசனை சொல்கிறவன். சங்கத்துச் சாமியப்பன் அண்ணன் ஒரு விஷயம் கிடைத்தால் மூன்று வருடம் விடமாட்டார். உங்களைக் கழற்றிவிட்ட அந்த நாலு பேர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடட்டுமா என்றுகூட யோசித்தேன். யோசித்தபோதே, மறுபடியும் கவருக்குள் ஒட்டப் பார்க்கிறேன் என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் அப்பா நாச்சிமுத்துவுக்கு வாரத்தில் இரண்டு நாள் கோயமுத்தூரில் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப் போகிறேன். நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இங்கே கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. வீடியோ பார்த்து நானே இரண்டாவது ரவுட்டரைப் போட்டுப் பார்த்தேன். போட்டதும் ஹாலில் டிவியும் போய்விட்டது. வேறு ஆளைக் கூப்பிடலாம். ஆனால் உங்களைத் திருடன் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த ஒப்பவில்லை.

வர வேண்டாம். எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

குகன்


சங்கரன்கோவில்
26.9.2025

குகன் அண்ணாச்சிக்கு,

உங்களுக்காக எழுதவில்லை. ஒயர் இழுத்த மூன்று நாளும் உங்கள் அப்பா எனக்குத் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருக்காக.

துளையில் இருக்கும் குச்சியை நூல் வெட்டும் டிரிம்மரால் மெதுவாகப் பிடித்து இழுங்கள். உடைந்தால் ரவுட்டர் போச்சு. வந்துவிட்டால், ஒரு குண்டூசியால் அதே துளையில் பதினைந்து விநாடி அழுத்தி விடுங்கள். சுத்தமாக ஆரம்பிப்போம்.

இரண்டாவது ரவுட்டரில் ஐந்து போர்ட் இருக்கும். நாலு ஒரே நிறம், ஒன்று வேறு நிறம். ஹாலில் இருந்து வருகிற கேபிள் அந்த வேறு நிறத்தில்தான் போக வேண்டும். நீங்கள் மற்ற நாலில் ஒன்றில் செருகியிருப்பீர்கள். டிவி போனது அதனால்தான்.

ரீசெட் ஆன பிறகு இரண்டு ரவுட்டருக்கும் ஒரே நம்பர் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? ஹால் ரவுட்டர் 192.168.1.1 என்றால், உள்ளே இருப்பதை 192.168.50.1 என்று மாற்றுங்கள். பாஸ்வேர்டும் புதிதாகப் போடுங்கள். பையன் பிறந்த தேதி வேண்டாம், அது நீங்கள் ஊருக்கெல்லாம் அனுப்பிய கேக் போட்டோவிலேயே இருக்கிறது.

பிறகு உள் ரவுட்டரில் விபிஎன் என்பதைத் திறந்து (பழனியில் உங்களுக்கு அடைந்த வழி அதுதான்), வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிச் சாவி போடுங்கள். அடுத்து ஹால் ரவுட்டரில் இரண்டு வேலை. உள் ரவுட்டருக்கு ஒரு நிரந்தர நம்பர் ஒதுக்குங்கள். விபிஎன் தேடி வெளியிலிருந்து வருகிறவர்களை அந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லி போர்ட் ஃபார்வர்டு போடுங்கள். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் இணைப்புக்குத் தனி பப்ளிக் ஐபி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து எவரும் உள்ளே வர முடியாது. சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சாவிப் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். பழைய பட்டியலை நீங்கள் ஒரு தடவை பார்த்திருந்தால், அதில் 'செக்கிங்2' என்று ஒரு பெயர் இருந்திருக்கும். அது நான்.

இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

ஏதாவது பழுது வந்தால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கென்று ஒரு சாவி வைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை. கேமரா மாட்டிய மறுநாள், சரியாகத் தெரிகிறதா என்று அந்தச் சாவியில் உள்ளே போனேன். செக்கிங் மேசையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் கேட்டால், "ஸ்டூல்ல உக்காந்துதாம்யா வேல பாக்கேன்" என்பாள். மத்தியானம் பார்த்தேன், நின்றாள். நாலு மணிக்குப் பார்த்தேன், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். அந்த மேசைக்கு ஸ்டூலே கிடையாது. எட்டுப் பெண்களும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்து அவள் காலடியில் கொண்டுபோய் வைத்தேன். "எதுக்குய்யா?" என்றாள். "சும்மாதாம்மா" என்றேன்.

பிறகு தினமும் பார்த்தேன். அம்மாவோடு மற்ற ஏழு பேரும் அவர்களுக்குத் தெரியாமல் என் போனில் இருந்தார்கள். நான் செய்தது தப்பு.

உங்களிடம் வந்து கேட்டபோது, "உக்காந்துட்டுத்தானுங்க பாக்கறாங்க" என்றீர்கள். பொய் என்று தெரியும். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டால் நான் எங்கே போவேன்? வந்த வழியே திரும்பிப் போனேன். பூஜை அன்று என் சாவியும் உள்ளே விடவில்லை. உங்கள் யூனிட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் வீட்டு வாசலில் நீங்கள் கத்தும்போது, "எனக்கும்தான் போகவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் சாவி வைத்திருந்தது வெளியே வரும். பூட்டியது நான் இல்லை. ஆனால் பூட்ட முடிந்தவன் நான்தான். அதனால்தான் தலை குனிந்து நின்றேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்ல வேண்டியது. குரூப்பில் நீங்கள் பேசும்போது இதையும் சேர்த்துச் சொன்னாலும் சரி. உங்கள் இஷ்டம்.

ராஜபாண்டி


திருப்பூர்
3.10.2025

தம்பி ராஜபாண்டிக்கு,

உங்கள் கடிதம் பூஜைக்கு முதல் நாள் வந்தது. ரவுட்டர் போடுகிற பாகத்தைத் தாண்டி வரும்போது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அனுப்பர்பாளையத்தில் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவை எதிரே நிற்க வைத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தது ஞாபகம் வந்தது. நின்றே பழகிப்போச்சு என்று அவர்கள் சொன்னதை மரியாதை என்று நினைத்தேன். உங்களுக்கும் அப்படியே எழுதினேன். அந்த வரியைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நான் சொன்னது பொய்கூட இல்லை, அதைவிட மோசம். கீழே போய் நான் பார்த்ததே இல்லை. என் கேமராவில் என் யூனிட்டை நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் அட்டைப்பெட்டி எத்தனை போயிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

பூஜை அன்று வேலையெல்லாம் முடிந்து பொரி கொடுத்த பிறகு, அம்மா இடத்துக்கு வந்த பெண்ணையும் சேர்த்துச் செக்கிங்கில் இருக்கும் எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு அவர்கள் எதிரிலேயே குரூப்பில் பேசினேன். இந்தத் தடவை அழிக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் குகன் பேசறனுங்க. போன வருசம் ராஜபாண்டின்னு ஒருத்தரப் பத்தி இதே குரூப்புல தப்பாப் பேசிப்போட்டனுங்க. அவரு எதையும் பூட்டலீங்க. ஆயுத பூசைக்கு ரவுட்டரு ரீசெட் ஓட்டைக்குள்ள ஊதுபத்திய சொருகி நாந்தான் அத்தனையும் அழிச்சுப்போட்டேன். அவரு பொழப்பக் கெடுத்தது நானுங்க. அவரத் திருப்பிக் கூப்புடுங்க. கூப்புடாட்டியும் பரவால்லீங்க, அவரப் பத்தி நாஞ் சொன்னத மறந்துபோடுங்க."

கூடவே குச்சி நிற்கும் ரவுட்டரைப் போட்டோ எடுத்துப் போட்டேன். உங்கள் சாவி பற்றிப் பேசவில்லை. அது என் வாயால் வர வேண்டியது இல்லை. அப்புறம் சாமியப்பன் அண்ணன் ஆரம்பித்தார். நேற்று டீக்கடையில், "வாங்க ஊதுபத்தி" என்றார்கள். இன்று பையர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. என் பெயர் இனி அதுதான் போல. இருக்கட்டும். உங்களுக்கு நான் வைத்த பெயரைவிட இது வாசனையாகத்தான் இருக்கிறது.

எட்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர்களில் நஞ்சம்மாள் என்பவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங், இத்தன வருசம் இத எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். நான் மேலே வந்துவிட்டேன்.

கேமராவை வெளியிலிருந்தும் பார்க்க முடியும் என்பதை அவர்களிடம் சொன்னேன். யார் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. தங்கள் முகம் தெரிய வேண்டாம் என்றார்கள். கேமராவை வாசல் பக்கம் திருப்பிவிட்டேன். அதனால் ஸ்டூல் போட்டது இனி உங்களுக்குத் தெரியாது. நான் சொல்வதை நம்பினால்தான் உண்டு.

குச்சி உடையாமல் வந்தது. நீங்கள் எழுதியபடியே நானே போட்டேன். தெருமுனை பேக்கரியில் நின்று மொபைல் டேட்டாவில் பார்த்தேன், உள்ளே விட்டது. பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று குகன், இன்னொன்று ராஜபாண்டி. உங்கள் சாவி இந்தக் கவரில் தனித்தாளில் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிய, அப்பாவுக்கும் தெரியப் போட்டது.

குகன்


சங்கரன்கோவில்
11.10.2025

அண்ணாச்சிக்கு,

நான் அந்தக் குரூப்பில் இல்லை. ஆனாலும் உங்கள் வாய்ஸ் ஏழு பேரிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. கடையில் வைத்துக் கேட்டேன். தங்கதுரை அண்ணாச்சியும் கேட்டார். "அப்ப தண்ணி ஒத்துக்கிடாம வரலியா நீ?" என்றார். இல்லை என்றேன். குன்னத்தூர்க்காரர் கூப்பிட்டு, பாதியில் நிற்கும் ஒயரை எப்போது முடித்துத் தருவாய் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஏணி தூக்கி வர வேண்டாமாம், அவரே ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கேமரா, சாவி, தினமும் பார்த்தது, எல்லாம். கேட்டு முடித்தாள். அப்புறம், "நான் நிக்கதப் பாத்தேல்லா, அன்னைக்கே வந்து கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும். போன்ல என்னத்த பாத்துக்கிட்டுக் கெடந்த?" என்றாள். நீங்கள் என் வாசலில் கத்தியது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

நஞ்சம்மாள் அக்காவுக்கும் போன் செய்து சொன்னேன், மற்றவர்களிடமும் சொல்லிவிடச் சொல்லி. நன்றாகத் திட்டினார்கள். திட்டி முடியட்டும் என்று இருந்து, ஸ்டூல் போட்டது நிஜம்தானா என்று கேட்டேன். "உக்காந்துட்டேதான் பேசறேன் கண்ணு. உக்காந்துட்டேதான் உன்னையத் திட்டினேன்" என்றார்கள்.

நீங்கள் அனுப்பிய சாவியைப் போட்டுப் பார்க்கவில்லை. தாளை எரித்துவிட்டேன். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை குன்னத்தூர் வேலைக்காகத் திருப்பூர் வருகிறேன். உங்கள் வாசலுக்கு வந்து பெல் அடிப்பேன். அம்மாவும் கூட வருகிறாள். அவளுக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள், அண்ணாச்சி. நாம் அப்புறம் உட்காரலாம்.

ராஜபாண்டி